ஆய்வகத்தில் பேசலாமா?

"பேசாதே!" பள்ளி வாழ்வில் நாம் மிகுதியாகக் கேட்கும் சொல் இதுவாகத்தான் இருக்க வேண்டும். வகுப்பில் பேசாதே, வரிசையில் பேசாதே, நூலகத்தில் பேசாதே. வீட்டிற்குச் சென்றாலோ, பெண் பிள்ளை இப்படி உரக்கப் பேசலாமா என்று பாட்டி கேட்பார். இவற்றுள் பலவற்றிற்குத் தக்க காரணம் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. நூலகத்தில் ஒருத்தி வாய் திறந்தால் ஒன்பது பேருடைய படிப்புக் கெடும். ஆனால் ஓர் இடத்திற்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அவ்விடம் கணினி ஆய்வகம். அங்கே பேச வேண்டும். வாய்விட்டுப் பேச வேண்டும். கேட்பதற்கு ஆள் கிடைக்காவிட்டால் ஒரு பொம்மையிடமாவது பேச வேண்டும்.

பொம்மை என்றதும் சிரிக்கும் தோழியர் சற்றே பொறுத்தருள்க. இது எங்கள் கற்பனை அன்று. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் தாமஸ் என்பவர் மாணவராக இருந்தபோது, கிரெக் பியூ என்னும் ஆராய்ச்சி உதவியாளருடன் சேர்ந்து பணி செய்தார். தாம் கண்ட நிரலாளர்களுள் மிகச் சிறந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது தாமஸின் மதிப்பீடு. அத்தகைய திறமைசாலி, சில மாதங்களாக ஒரு சிறிய மஞ்சள் நிற ரப்பர் வாத்தைக் கையோடு கொண்டு திரிந்தாராம். வேலை செய்யும்போது அதைக் கணினியின் மேல் உட்கார வைப்பாராம். இது என்ன என்று கேட்கும் துணிவு தாமஸுக்கு உடனே பிறக்கவில்லை! நிரலில் எங்கோ பிழை இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்ற நிலை வரும்போது, அதை வரி வரியாக அந்த வாத்துக்கு விளக்குவதே கிரெக்கின் வழக்கம். பிற்காலத்தில் தாமஸும் ஆண்ட்ரூ ஹண்ட்டும் சேர்ந்து எழுதிய 'தி பிராக்மாடிக் புரோகிராமர்' என்ற நூல் 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூலின் வழியே வாத்து உலகெங்கும் புகழ் பெற்றுவிட்டது. இன்று பெரிய பெரிய மென்பொருள் நிறுவனங்களிலும் மேசை மேல் மஞ்சள் வாத்து வைத்திருப்போர் உண்டு.

அதே 1999இல் பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் எழுதிய மற்றொரு நூலில் வாத்துக்குப் பதில் கரடி வருகின்றது. ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் ஐயம் தீர்க்கும் மேசையருகே ஒரு கரடிப் பொம்மையை வைத்திருந்தார்களாம். புரியாத பிழையோடு வரும் மாணவர் எவரும் முதலில் அதைக் கரடிக்கு விளக்கியாக வேண்டும். அதன் பின்னரே மனிதரிடம் பேசலாம் என்பது அங்கு விதி. எத்துணை அழகான விதி! கேட்டதும் எங்களுக்குப் பொறாமையாகவே இருந்தது.

நம் ஊருக்கு ஏற்றபடி தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வைத்தால் என்ன என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்று மற்றவர்கள் தடுத்துவிட்டோம். அது எதைச் சொன்னாலும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டும். பிழையான நிரலுக்குத் தலையாட்டும் துணை நமக்கு எதற்கு? ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் வாத்தே மேல்.

நிற்க. பொம்மை கணினி கற்றதில்லை; விடை சொல்லப் போவதும் இல்லை. பின் எப்படிப் பிழை வெளிப்படுகின்றது?

பைதான் மொழியில் எழுதிய ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். பல எண்களைக் கொடுத்தால் அவற்றுள் மிகப் பெரியதைக் கண்டு சொல்ல வேண்டும். ஒரு மாணவி எழுதிவிட்டாள். 67, 81, 92, 45 என்று மதிப்பெண்களைக் கொடுத்தாள். 92 என்று வந்தது. மகிழ்ச்சி. அடுத்து, லடாக்கிலுள்ள திராஸ் போன்ற குளிர்ப் பகுதியின் வெப்பநிலையை எண்ணிக்கொண்டு -12, -8, -15, -20 என்று கொடுத்தாள். -8 என்று வர வேண்டும். வந்ததோ 0! பட்டியலிலேயே இல்லாத எண் எங்கிருந்து வந்தது? திரையை உற்று உற்றுப் பார்க்கிறாள். எல்லாம் சரியாகவே தோன்றுகின்றது. சற்று முன் 92 என்று சரியாகச் சொன்ன நிரல்தானே இது?

இப்போது அவள் வாத்திடம் சொல்லத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "முதலில் 'பெரியது' என்று ஒரு பெட்டி வைத்துக்கொள்கிறேன். அதில் பூஜ்யத்தைப் போட்டு வைக்கிறேன். ஏனென்றால்..."

இந்த "ஏனென்றால்" இருக்கின்றதே, அங்கேதான் நாக்கு நிற்கும். ஏன் பூஜ்யம்? எந்த மதிப்பெண்ணும் பூஜ்யத்திற்குக் கீழே போகாது என்று மனம் தனக்குள் எண்ணிக்கொண்டது. ஆனால் அதை எவரிடமும் சொல்லவில்லை, தன்னிடமேகூடச் சொல்லவில்லை. மதிப்பெண் பூஜ்யத்திற்குக் கீழே போகாது; குளிர் போகுமே! எந்தக் குறை எண்ணும் பூஜ்யத்தை வெல்ல முடியாது. ஆகவே பூஜ்யம் பெட்டியை விட்டு நகரவே இல்லை. பூஜ்யத்திற்குப் பதிலாகப் பட்டியலின் முதல் எண்ணையே பெட்டியில் போட்டால் தீர்ந்தது. வாத்து ஒன்றும் சொல்லவில்லை. அவளே சொன்னாள், அவளே கேட்டாள்.

கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தான் எழுதியதைத் திரும்பப் பார்க்கும்போது, அங்கே இருப்பதைப் பார்க்காது. எழுத நினைத்ததையே பார்க்கும். கட்டுரையில் விட்டுப்போன எழுத்து நமக்குத் தெரியாமல் ஆசிரியைக்கு மட்டும் தெரிவது இதனால்தான். வாயோ அப்படித் தாவ இயலாது. ஒரு சொல்லுக்குப் பின் ஒரு சொல்லாகத்தான் நடந்தாக வேண்டும். பாலத்தில் ஒரு பலகை இல்லையென்றால் அங்கே கால் இடறியே தீரும்.

இதை ஆராய்ந்தவர்களும் உளர். மிஷெலின் சி என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நியூட்டனின் விதிகளைப் பற்றிய தீர்த்த கணக்குகளை மாணவர்களுக்குக் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார்கள். பின்னர்க் கணக்குகளை நன்றாகப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், படிக்கும்போது தமக்குத் தாமே அதிகம் விளக்கிக்கொண்டவர்களே! எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. "இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்று மிகுதியாகச் சொன்னவர்களும் அந்த நல்ல மாணவர்களே. நன்கு கற்காதவர்களோ புரிகிறது, புரிகிறது என்று கடந்து போனார்கள். 1994இல் அதே அறிஞர் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தார். மனித உடலில் இரத்த ஓட்டம் பற்றிய பாடம். ஒரு பிரிவினர் பாடத்தை இருமுறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறையே படித்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமக்கு விளக்கிக்கொண்டனர். பின்னவர்களே அதிகம் கற்றனர். தேர்வுக்கு முதல் நாள் ஒரே பக்கத்தை ஐந்து தடவை புரட்டும் நம் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கீல் என்னும் இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பையிலும் உடையிலும் இருக்கும் ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டால், எல்லோரும் நன்றாகத் தெரியும் என்றே மதிப்பிட்டுக்கொள்வார்கள். சரி, படிப்படியாக எழுதி விளக்குங்கள் என்றதும் பேனா நின்றுவிடும். எழுதி முடித்தபின் மறுபடி கேட்டால், தம் மதிப்பீட்டைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள். நாளும் இழுத்து மூடும் ஜிப்பிற்கே இக்கதி என்றால், நேற்று எழுதிய நிரலுக்கு என்ன கதி!

ஆனால் இவையெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நாம் வாய் பிளக்க வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவர் கற்கும் முறை பற்றிய பகுதி உண்டு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவுதான் கருத்தாகக் கேட்டாலும் அறிவில் கால் பங்கே வந்து சேரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய இரண்டு கால் பங்கும் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால்தான் நிரம்பும் என்பது அவர் கணக்கு. கவனியுங்கள் தோழியரே! ஆசிரியைக்குக் கால், தோழியர்க்குக் கால், நம் வாய்க்கு அரை! திருவள்ளுவரும் சொல்வன்மை அதிகாரத்தில், தாம் கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர்களைக் கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிடுகின்றார். இப்பாடல்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் நாம், அடுத்த பாடவேளையில் கணினி முன் வாய் மூடி அமர்வது வேடிக்கை அன்றோ?

ஹைன்ரிஷ் ஃபொன் கிளைஸ்ட் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1805ஆம் ஆண்டளவில் எழுதிய கட்டுரை ஒன்றும் இதையே கூறுகின்றது. தனியே மணிக்கணக்கில் எண்ணியும் பிடிபடாத இயற்கணிதக் கணக்கு, பின்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் தன் சகோதரியிடம் சொல்லத் தொடங்கியதும் தெளிந்துவிடுகின்றது என்கிறார். அந்த அம்மையார் விடை சொல்லவில்லை. குறுக்கே ஏதோ பேச வருவதுபோல் அவர் அசைந்தாலே போதுமாம்; கிளைஸ்ட்டின் சிந்தனை விரைந்து ஓடத் தொடங்கிவிடும். வாத்தினும் சகோதரி ஒரு படி மேல் என்று கொள்ளலாம்.

விளக்குவது என்றால் என்ன என்பதில்தான் பலரும் தவறிவிடுகின்றனர். நிரலிலுள்ள ஆங்கிலச் சொற்களை வரிசையாக உச்சரிப்பது விளக்கம் ஆகாது. "ஃபார் ஐ இன் ரேஞ்ச் ஒன் கமா டென்" என்று நூறு முறை ஓதினாலும் பிழை தன் இடத்தை விட்டு அசையாது. அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். "1 முதல் 10 வரை ஒவ்வோர் எண்ணாக எடுத்துக் கூட்டுகிறேன்." விடை 55 வர வேண்டும், 45 வந்து நிற்கிறது. "வரை" என்றால் என்ன? பத்தும் உள்ளேயா, வெளியேயா? நம் பேச்சில் பத்து வரை என்றால் பத்தும் சேர்த்தி. பைதானின் ரேஞ்ச் என்பதோ இறுதி எண்ணுக்கு முன்னரே நின்றுவிடும். ஆங்கில எழுத்தாக இருந்தவரை மறைந்திருந்த வேறுபாடு, "வரை" என்ற நம் வீட்டுச் சொல் வாயில் வந்ததும் முகத்தில் அடித்தாற்போல் தெரிகின்றது.

சமக்குறியும் அப்படியே. அ என்பது அ கூட்டல் ஒன்றுக்குச் சமம் என்று கணித வகுப்பில் எழுதினால் ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துவிடுவார். நிரலில் அது நாள்தோறும் வரும். "அ என்ற பெட்டியில் இப்போது இருப்பதோடு ஒன்றைக் கூட்டி, திரும்ப அதே பெட்டியில் வைக்கிறேன்" என்று தமிழில் சொன்ன பிறகே எங்களுள் பலருக்கு அந்த வரியின் மீதிருந்த அச்சம் போயிற்று. ஆங்கிலத்தில்தான் கணினி பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்துப் பேசாமலே இருந்துவிடுவதைவிட, அவரவர் வீட்டு மொழியில் பேசுவது ஆயிரம் மடங்கு மேல்.

எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் இதுதான். வகுப்பில் கையுயர்த்திக் கேட்க அஞ்சும் பெண்கள் எத்தனையோ பேர். "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருத்தி சிரித்துவிட்டால், மறுமுறை அவள் கேட்கவே மாட்டாள். இரண்டு மாதம் வாய் மூடி உட்கார்ந்துவிட்டு, கம்ப்யூட்டர் எனக்கு வராது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வேறு பாடப்பிரிவுக்குப் போய்விட்ட தோழியை நாங்கள் அறிவோம். கணக்கில் எங்களை விடக் கெட்டிக்காரி அவள். அவளுக்கு வராதது கணினி அன்று. உரக்கச் சொல்லும் துணிவே. வாத்து சிரிக்காது. "நேற்றே சொன்னேனே" என்று கடிந்துகொள்ளாது. மதிப்பெண் போடாது. அதனிடம் ஒரு மாதம் பேசிப் பழகியவள் பிறகு ஆசிரியையிடமும் பேசுவாள் என்று நாங்கள் நம்புகிறோம்.

1945இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் பெருங்கணினிக்கு நிரல் அமைக்க ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கற்பிக்க நூல் இல்லை. இயந்திரத்தின் வரைபடங்களைக் கொடுத்து நீங்களே கண்டுகொள்ளுங்கள் என்றார்கள். அவர்களுள் ஜீன் ஜென்னிங்ஸும் பெட்டி ஸ்னைடரும் இணைபிரியாமல் வேலை செய்தவர்கள். ஒருவர் பிழையை மற்றவர் கண்டுபிடிப்பதைக் குறையாக எண்ணாமல் மகிழ்ச்சியோடு செய்தவர்கள். உண்மையை மறைக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1946 பிப்ரவரியில் எல்லோர் முன்னும் இயந்திரத்தை இயக்கிக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்திய இரவு வரை ஒரு பிழை தீரவில்லை. பெட்டி வீட்டிற்குச் சென்று உறங்கி, காலையில் வந்து ஒரே ஒரு விசையை மாற்றி அதைத் தீர்த்துவிட்டார். ஆக, உறக்கமும் ஒரு வழிதான். ஆனால் ஆய்வகத்தில் உறங்க அனுமதி கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை!

இனி, மறுப்புரைகளைப் பார்ப்போம். முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஆய்வகம் சந்தைக்கடை ஆகிவிடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எல்லோரும் எந்நேரமும் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பிழை வந்து, பத்து நிமிடம் பார்த்தும் தெரியாதவள் மட்டும் பேசட்டும். அதுவும் பக்கத்திலிருப்பவளுக்குக் கேட்கும் அளவில். சினிமாக் கதைக்கும் நிரல் விளக்கத்திற்கும் உள்ள வேறுபாடு நம் ஆசிரியையரின் காதுகளுக்குத் தெரியாதா என்ன?

பேசினால் எல்லாப் பிழையும் தீர்ந்துவிடுமா? தீராது. நமக்குத் தெரியாத செய்தி நம் வாயிலிருந்து வராது. ரேஞ்ச் இறுதி எண்ணை விட்டுவிடும் என்பதை ஒருபோதும் படிக்காதவள், வாத்தின் முன் மாலை வரை அமர்ந்தாலும் பயனில்லை. அவள் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது பேசினால் தெரியும்.

கெட்டிக்காரத் தோழியிடம் விளக்கலாமே என்பார் சிலர். அதில்தான் ஆபத்து! பாதி சொல்லும்போதே அவள், "நகரு, நான் பார்க்கிறேன்" என்று விசைப்பலகையைப் பிடுங்கிக்கொள்வாள். பிழை தீரும், நமக்கு ஒன்றும் தெரியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் பெருகிவிட்ட உரையாடும் மென்பொருள்களும் இத்தகைய கெட்டிக்காரத் தோழியரே. நிரலை அப்படியே ஒட்டி, "சரிசெய்" என்று ஒரு சொல் எழுதினால் போதும். நொடியில் திருத்திக் கொடுத்துவிடும். சில வேளைகளில் தஞ்சாவூர் பொம்மையைப் போல நம் தவறான எண்ணத்திற்கும் தலையாட்டிவிடும். அவற்றைத் தொடவே கூடாது என்று சொல்லும் கட்சியில் நாங்கள் இல்லை. கரடிக்குச் சொல்லிவிட்டு மனிதரிடம் வந்த அந்தப் பல்கலைக்கழக மாணவரைப் போல, வாத்திடம் சொன்ன பிறகு அவற்றிடம் போகலாம் என்பதே எங்கள் கட்சி.

செய்முறைத் தேர்வில் வாய் திறக்க இயலாதே என்ற கவலையும் உண்டு. அங்கே விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், ஐயமுள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே "ஏனென்றால்" என்று எழுதி நிரப்பிப் பார்க்கலாம். ஜிப்பை விளக்க முயன்றவர்களின் கண்ணைத் திறந்ததும் எழுத்துதானே!

எனவே அடுத்த கல்வியாண்டிற்கு எங்கள் வேண்டுகோள் பெரிதொன்றும் இல்லை. ஆய்வகச் சுவரில் "அமைதி காக்க" என்ற பலகை இருந்துவிட்டுப் போகட்டும். சன்னலோரத்தில் இரண்டு நாற்காலிகள் மட்டும் அதற்கு விலக்காக வேண்டும். பிழையில் சிக்கியவள் ஒன்றில் அமர்வாள். மற்றொன்றில் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அமரலாம். கணினி தெரியாதவளாக இருந்தால் மிக நல்லது. அவள் விசைப்பலகையைத் தொடக்கூடாது, விடையும் சொல்லக்கூடாது. புரியாத இடத்தில் "ஏன் அக்கா?" என்று கேட்க மட்டும் அவளுக்கு அனுமதி உண்டு. தங்கையர் கிடைக்காத நாளில் அந்த நாற்காலியில் வைப்பதற்கு மஞ்சள் வாத்து ஒன்றை எங்கள் செலவிலேயே வாங்கித் தரச் சித்தமாக இருக்கிறோம்.